வடிவு காம்பரா மாறிய விதம்

காளியாயிக்குக் கொடுக்க வேண்டியது பதினாறு ரூபாய் அறுபத்தைந்து சதம். மீனம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று, வாசல் திண்ணையான இஸ்தோப்பின் சுவரில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு உட்காருவதற்குள் அவள் புருஷன் முத்துலிங்கம் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டான். வாரத்துக்கு ஒன்றேகால் ரூபாய் வீதம் பதினான்கு வாரத்துக்குப் பதினேழரை. தீபாவளிக்குக் காளியாயி பிள்ளைக்கு எடுத்த சட்டை இரண்டு ரூபாய் பதினைந்து சதம். நடுவில் அவன் கொடுத்தது மூன்று ரூபாய். மிச்சம் இதுதான். கடன் இருந்தாலும் காரியம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்ற நிம்மதி அவன் பேச்சில் இருந்தது.

"புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. மூணாம் நாளே அழுகைய விட்டுருச்சு. லயமே மெச்சுது, பாத்துக்க."

மீனம்மாவுக்கு அது மெச்சுகிற சங்கதியாகப் படவில்லை. காலை நீட்டித் தொடையைத் தடவிக்கொண்டாள்.

ஐம்பத்தாறாம் வருடம் ஆகஸ்டு மழையில், பதினேழாம் நம்பர் தேயிலை மலையில், கூடை நிறையக் கொழுந்தோடு கல்லுப் படியில் இறங்கும்போது அவள் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பதினான்கு வாரம் படுக்க வைத்தார்கள். தோட்டம் இருந்த பூண்டுலோயாவிலிருந்து கண்டிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளையை வார்டுக்குள் விடவும் மாட்டார்கள். அதனால் மகள் சண்முகவடிவு அந்தப் பதினான்கு வாரமும் தாயைப் பார்க்கவில்லை.

முத்துலிங்கம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். விடியுமுன் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் காளியாயி இருந்தாள். மலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைத் தோட்டம் வைத்திருக்கும் பிள்ளைக் காம்பராவில் அவள்தான் ஆயா. புருஷன் செத்து ஆறு வருடம். பிள்ளை கிடையாது. மீனம்மாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வாய் மட்டும் ரொம்ப நீளம் என்று லயத்தில் சொல்வார்கள். பகலில் பிள்ளைகளைப் பார்க்கத் தோட்டம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. இராத்திரியும் ஞாயிறும் அவள் சொந்தப் பாடு. அதற்குத்தான் இந்த ஒன்றேகால் ரூபாய்.

அன்று சாயங்காலம் வடிவை இடுப்பில் வைத்துக்கொண்டு காளியாயி வந்தாள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மீனம்மா இரண்டு கையையும் நீட்டினாள். வடிவு அந்தக் கைகளைப் பார்த்தாள், ஊன்றுகோலைப் பார்த்தாள், பிறகு காளியாயியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது ஏதோ ஞாபகம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புது ஆளைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி, மரியாதையாக ஒதுங்கினாள்.

மீனம்மா யோசிக்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, முத்துலிங்கத்தைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். பெற்றவள் மடியில் ஒரு பொழுது கிடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. வடிவு கதவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். கத்திக் கத்திச் சோற்றைக் கக்கினாள். மூச்சுப் பிடித்துக்கொண்டு உதடு நீலம் பாரித்தபோது முத்துலிங்கம் பயந்துபோய்க் கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசிக் காம்பராவுக்கு ஓடினான். அங்கே போய்க் காளியாயியின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டதும் பிள்ளை அடங்கிவிட்டது. லயம் முழுக்க இஸ்தோப்பில் வந்து நின்று இதைப் பார்த்தது.

மறுநாள் தண்ணீர்ப் பீலியடியில் சண்டை வந்தது. மீனம்மா குடம் தூக்க முடியாதவள். சண்டைக்கென்றே கோலை ஊன்றிக்கொண்டு போனாள்.

"புள்ளைய ஈடு புடிச்சு வச்சிருக்கீங்களா மதினி? காசு வந்தாத்தான் விடுவீங்களா?"

காளியாயி குடம் நிரம்பும்வரை குனிந்து அதைப் பிடித்திருந்தாள். நிரம்பியதும் நிமிர்ந்தாள்.

"நஸார் நானா அடகுக் கடையில வைக்கிற தோடா அது, ஈடு புடிக்க? தோடு வச்ச எடத்துல கெடக்கும். இது ராவைக்கு ரெண்டு தடவ பாயி நனைக்குது."

பீலியடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மீனம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சம்பளத்தன்று பதினாறு ரூபாய் அறுபத்தைந்து சதத்தையும் வீசி எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

"எறியாத, கையில குடு. வேணாங்கல" என்றாள் காளியாயி. "ஆனா காசு குடுத்துட்டேன்னு அதுக்கிட்ட சொன்னா அதுக்கு வெளங்குமா? ஒம் புருசன் மூணாம் நாளே அழுகைய விட்டுருச்சுன்னு தோட்டம் பூரா மெச்சிக்கிட்டுத் திரியிறான். அழுகையோட சோத்தையும் விட்டுச்சு. பன்னண்டு நாளு வெறும் தேத்தண்ணி. அத ஒனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. முத்துலிங்கத்துக்கே தெரியாது. கொடுத்த ரொட்டியைப் பிள்ளை கையில் வைத்துக்கொண்டிருந்ததை மட்டும் அவன் பார்த்திருந்தான்.

அன்றிலிருந்து சம்பள நாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. காலை ஊன்றி மலையேறக் கூடாது, ஜனவரி வரைக்கும் கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீனம்மாவுக்குச் செய்ய வேலையில்லை. எல்லாரும் மலைக்குப் போனபின் கோலை ஊன்றி மெதுவாக இறங்கிப்போய், பிள்ளைக் காம்பராவுக்கு எதிரே இருந்த கல்லுக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். காளியாயி அவளைப் போ என்றும் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மீனம்மா ஒன்றைக் கவனித்தாள். பிள்ளைக் காம்பராவுக்குக் கீழேதான் கொழுந்து நிறுக்கிற மடுவம். சாயங்கால நிறுவைக்குப் பெண்கள் கூடையோடு வரிசையாக இறங்கி வருவார்கள். மற்றப் பிள்ளைகள் அவரவர் தாயைக் கண்டு ஓடும். வடிவு ஓடவில்லை. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கூடையாகப் பார்த்தாள். கடைசிக் கூடையும் மடுவத்துக்குள் போனதும் மறுபடி குனிந்து தான் விளையாடிக்கொண்டிருந்த சிரட்டையை எடுத்தாள்.

வீட்டில் முத்துலிங்கத்தைக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ஆரம்பத்தில் பிள்ளை அம்மா எங்கே என்று கேட்டதற்கு அவன், அம்மா தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிறாள், கூடை நிறைந்ததும் வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கிறான். லயத்தில் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்கிற பொய்தான் அது. ஊருக்குப் போனவர்களும் தூரத்து மலையில்தான் இருப்பார்கள், செத்தவர்களும் அங்கேதான் இருப்பார்கள். அவன் மறந்துவிட்டான். பிள்ளை மறக்கவில்லை. அதற்கு அம்மா என்றால் தலையில் கயிறு போட்டு, முதுகில் நிறைந்த கூடையோடு, மலையிலிருந்து இறங்கி வருகிறவள். ஆஸ்பத்திரிச் சேலையோடு லொறியில் வந்து, கோலை வைத்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறவள் வேறு யாரோ.

மீனம்மாவுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. அடுத்த காம்பராவில் இருந்த அழகம்மாவிடம் பழைய கூடை ஒன்றை இரவல் கேட்டாள். அழகம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தாள், சாக்குப் படங்கையும் சேர்த்துக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் மீனம்மா படங்கை இடுப்பில் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மடுவத்துக்கு மேலே பாதை திரும்புகிற இடத்தில் போய் நின்றாள். பெண்கள் இறங்கி வந்ததும் அழகம்மாவுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டாள். கோலை விட்டுவிட்டதால் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் வலி ஏறியது.

தராசடியில் நின்ற கணக்கப்பிள்ளை அவளைக் கண்டுவிட்டார்.

"என்ன மீனம்மா, செக்ரோல்ல பேரே இல்ல, கூட மட்டும் வருது? வெறுங்கூடைய நிறுத்துத் தாளில எழுதவா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மேலே பிள்ளைக் காம்பரா வாசலில் வடிவு எழுந்து நின்றிருந்தாள். கூடையைப் பார்த்தாள். முதல் தடவையாகக் கூடையிலிருந்து பார்வையை முகத்துக்குக் கொண்டுவந்தாள். படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி மீனம்மாவின் கிட்டே வந்தாள். மீனம்மா வலியோடு குனிந்து உட்கார்ந்தாள். வடிவு அவளைச் சுற்றிப் பின்பக்கம் போய், குதிகாலை எக்கிக் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கொழுந்து இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். மடுவத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அழகம்மாதான் கூடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு மீனம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அன்றைக்குப் பட்ட வலியில் மீனம்மா இரண்டு நாள் வெளியே வரவில்லை. முத்துலிங்கம் கோபித்துக்கொண்டான். மறுபடி கண்டிக்குப் போக வேண்டி வந்தால் இன்னொரு பதினேழரைக்கு எங்கே போவது என்று கேட்டான்.

மூன்றாம் நாள் கல்லுக்கட்டுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. காளியாயி முதல் தடவையாக உள்ளே வரச் சொன்னாள். நனைந்து காய்ச்சல் வந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்லுவாய் என்று சேர்த்துச் சொன்னாள். மீனம்மா போய்ச் சுவரோரம் பலகையில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரம். கைக்குழந்தைகளுக்குத் தொட்டில், நடக்கிற பிள்ளைகளுக்குப் பாய். வடிவின் பாய் ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது. அன்றைக்குக் கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்து அந்த இடம் ஒழுகியது. காளியாயி பாயை இழுத்து எதிர்ச் சுவரோரம் போட்டாள். வடிவு நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு போய்ப் புது இடத்தில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னலடிக்குப் போய்க் குந்தி, ஈரத் தரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தாள். மறுபடி எழுந்தாள். காளியாயி தடுக்கவில்லை. அவள் பாட்டுக்கு ஒரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நாலாம் தடவை பாதி வழி போய், தலையை மட்டும் நீட்டி, இடம் அங்கேயே இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு திரும்பியது. அப்புறம் தூங்கிவிட்டது.

"எழும்ப விடாம அமுக்கிப் படுக்க வச்சா என்ன பண்ணும்?" என்று மீனம்மா கேட்டாள்.

"கத்தும். கத்திக் கக்கும். நீதான் பாத்தியே."

அதில் குத்தல் இருந்தது. ஆனால் மீனம்மாவுக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. தாழ்ப்பாள் போட்ட அன்றைய கதவு ஞாபகத்துக்கு வந்தது. பழைய இடத்தை விடப் பிள்ளைக்கு மனமில்லை என்பதல்ல. அது போகாமல் அங்கேயே இருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரிய வேண்டியிருக்கிறது. ஒரு தடவை அம்மாவை விட்டு வந்து, திரும்பிப் பார்த்தபோது அம்மா அங்கே இல்லை. இரண்டாம் தடவையும் அப்படி ஆகுமோ என்று பயப்படுகிறது. மூன்று வயதில் இதை வாயால் சொல்லத் தெரியாது. எழுந்து எழுந்து போய்ப் பார்க்கத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு மீனம்மா பிள்ளையைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சாயங்காலம் காளியாயியின் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து கீரை ஆய்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள். காளியாயி சமைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. போக வேறு இடம் இல்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். வடிவு சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு நாள் கல் பொறுக்கக் கை நீட்டினாள். அரிசியைத்தான் பொறுக்கினாள். மீனம்மா விட்டுவிட்டாள். இன்னொரு நாள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நொண்டி நொண்டி நடந்து காட்டினாள். அசல் மீனம்மா நடை. காளியாயி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மீனம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே வடிவு மீனம்மாவுக்குப் பின்னால் ஆறு காம்பரா தள்ளியிருந்த தன் வீடுவரை வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு ஓடிப்போனாள். அடுத்த நாள் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள். மீனம்மா கதவை ஒருக்களிக்கக்கூட இல்லை. டிசம்பர்க் குளிரில் பனிக்காற்று அடுப்புவரைக்கும் வந்தது. முத்துலிங்கம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு முனகினான். ஒரு நாள் பிள்ளை தன் தகரக் கோப்பையைக் கொண்டுவந்து மீனம்மாவின் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனது. காளியாயி இராத்திரி பால் ஊற்றக் கோப்பையைத் தேடிவிட்டு, வேறொன்றில் ஊற்றினாள். அதற்கு அடுத்த நாள் கோப்பையோடு சேர்ந்து பிள்ளையும் தங்கியது.

தங்கியது என்றால் ஒரேயடியாக அல்ல. விடியக்காலை பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, போட்ட சட்டையோடு கடைசிக் காம்பராவுக்கு ஓடும். காளியாயி இருக்கிறாளா என்று பார்க்கும். அவள் அடுப்பூதிக்கொண்டே "இருக்கேன், இருக்கேன்" என்பாள். உடனே திரும்பி ஓடி வந்து மீனம்மாவின் கம்பளிக்குள் புகுந்துகொள்ளும். கால் இரண்டும் பனியில் நனைந்து சில்லென்று இருக்கும். மீனம்மா அந்தக் கால்களைத் தன் வயிற்றில் வைத்துச் சூடேற்றுவாள். அம்மா என்று பிள்ளை இன்னும் கூப்பிடவில்லை. இந்தா, இங்க பாரு என்றுதான் கூப்பிட்டது.

பத்தாந்தேதி சம்பளம் போட்டார்கள். அரிசிக் காசு, வண்ணான் காசு, கோயில் காசு எல்லாம் கழித்து முத்துலிங்கத்தின் கையில் இருபத்தொரு ரூபாய் சொச்சம் வந்தது. கடனை அன்றைக்கே அடைத்துவிட வேண்டும் என்பதில் அவனும் உறுதியாக இருந்தான். காசைக் கொடுத்துவிட்டு வா, நாளையிலிருந்து பிள்ளையை அந்தப் பக்கம் விடாதே, அப்போதுதான் நம்மோடு ஒட்டும் என்று சொன்னான். மாதம் முழுக்கச் செலவுக்கு நாலைந்து ரூபாய்தான் மிஞ்சும் என்று தெரிந்தும் சொன்னான். மீனம்மா காசை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

"காசக் குடுக்குறேன். காலையில ஓடுறத மட்டும் நிறுத்த மாட்டேன். அது ஓடிப் பாத்துட்டு வந்தாத்தான் இங்க இருக்கும்."

அவன் மிச்சக் காசை மடியில் முடிந்துகொண்டான். புரிந்ததோ இல்லையோ, மனைவி இந்தக் குரலில் பேசினால் மாறமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

காளியாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து விறகுக்குச் சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு முன்னால் ஓடி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுள்ளியை உடைக்கப் பார்த்தது. மீனம்மா காசை நீட்டினாள். தான் வந்த பிறகு மூன்று வாரம் பிள்ளை இங்கே இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த மாதம் தருகிறேன் என்றாள்.

"தாய் வந்தப்புறம் இருந்தது விருந்தாளி. விருந்தாளிக்கு எவ காசு வாங்குவா?" என்றாள் காளியாயி.

சுள்ளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறித் துடைத்துக்கொண்டு காசை வாங்கினாள். நோட்டைத் தனியாக, சில்லறையைத் தனியாக வைத்து எண்ணினாள். எண்ணி முடித்து, அதிலிருந்து இரண்டு ரூபாய் பதினைந்து சதத்தைப் பிரித்து மீனம்மாவின் பக்கம் தள்ளினாள்.

மீனம்மா சரியாகத்தானே இருக்கிறது என்றாள்.

"சரியாத்தான் இருக்கு. பாத்துக்கிட்டது கூலிக்கு. அதுக்குக் கூலி வாங்கிட்டேன். சட்ட நான் ஆசப்பட்டு எடுத்தது. அதுக்குக் காசு வாங்குனா நான் எடுத்ததா ஆகாது."

மீனம்மா அந்த இரண்டு ரூபாய் பதினைந்து சதத்தைப் பார்த்தாள். திருப்பித் தள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். தள்ளினால் காளியாயிக்குப் பிள்ளையிடம் ஒன்றும் மிச்சமிருக்காது என்று தோன்றியது. எடுத்துக்கொண்டாள்.

காளியாயி பதினான்கு ரூபாய் ஐம்பது சதத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். வடிவு உடைக்க முடியாத சுள்ளியை மீனம்மாவிடம் நீட்டியது. மீனம்மா வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துக் கொடுத்தாள்.